டேங்க் தண்ணீரை மழை என்றவனுக்கு

டேய் கண்ணா,

ஃபேஸ்புக்கில் உன் மழைப் பக்கத்தில் நான் போட்ட கமென்ட் எல்லாவற்றையும் அழித்துவிட்டாய். நீ அழிக்கவில்லையாம், பொத்தேரி ஹாஸ்டலில் இருந்துகொண்டு உனக்கு அட்மின் வேலை பார்க்கிற காலேஜ் பசங்கள் அழித்தார்கள் என்று போனில் சொன்னாய். யார் அழித்தால் என்ன, பக்கம் உன்னுடையது. ரோஜாப்பூ படம் வைத்த அந்த அக்கவுன்ட் உன் அம்மாவுடையது என்று அவர்களுக்குத் தெரியாதாம். அப்போ அம்மா என்று தெரிந்திருந்தால் விட்டிருப்பார்கள், வேறு யாராவது என்றால் அழிப்பார்கள், அப்படித்தானே? அது இன்னும் மோசம். அதனால்தான் இதை உனக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்பாமல் என் பக்கத்தில், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். "பெத்த பிள்ளைய ஊர் பார்க்கத் திட்டுவியா?" என்று உன் அப்பா காலையிலிருந்து முனகிக்கொண்டே இருக்கிறார். ஊர் பார்க்கத்தானே அவன் பொய் சொன்னான், நானும் ஊர் பார்க்கத்தான் திட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வங்கக் கடலில் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வானிலை இலாகாவும் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. இந்த வாரக் கடைசியில் நம் பக்கம் கொட்டப்போகிறது. நம் தெருக் கோடியில், ஏரிக்கரையை ஒட்டின பள்ளத்தில் இருக்கிறதே, மீன் விற்கிற ராணியின் வீடு, அங்கேதான் தண்ணீர் முதலில் வரும். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருக்கிறார். ராணி இந்த முறை நகர மாட்டேன் என்கிறாள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கவுன்சிலர் ஆள் வந்து சொல்லிப் பார்த்தான். யார் சொன்னாலும் நகர மாட்டாளாம். அவள் அப்படி ஆனதற்குக் காரணம் நீ. நீ வந்து அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் என் ஆத்திரம். படிக்க நேரமில்லை என்றால் இதோடு நிறுத்திவிட்டுக் கிளம்பி வா.

என் ஆத்திரத்துக்கு ஒரு வயது இருக்கிறது, அது உன் பக்கத்தோடு ஆரம்பித்ததில்லை. நான் விஞ்ஞானியும் இல்லை, டிவியில் வந்து மேப் முன்னால் நிற்கிற ஆளும் இல்லை. வானிலை இலாகாவில் அப்சர்வராக இருந்தேன். காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய், பார்த்ததை எழுதி அனுப்புகிற வேலை. தீபாவளி, பொங்கல், உனக்கு அம்மை போட்டிருந்த நாள் எல்லாவற்றிலும் எட்டரை எட்டரைதான். வேலை இப்படி, ஆனால் ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருத்தர், "மேடம், நீங்க மழைன்னு சொன்னா நான் குடைய வூட்ல வச்சிட்டுத்தான் கிளம்புவேன்" என்பார். இலை போட்டிருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அதே ஜோக், ஆள்தான் வேறு. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய, கையில் சாம்பார் சாதம்.

"ஓரிரு இடங்களில்" என்று நாங்கள் சொல்வதைத்தான் எல்லாரும் கிண்டல் அடிப்பார்கள். அந்த ஓரிரு இடம் எது, உங்க ஆபீஸ் வாசலா என்பார்கள். அது மழுப்பல் இல்லையடா. இத்தனை மானிகளில் எத்தனை மானி நனையலாம் என்பதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. ஓரிரு இடம் என்றால் ஓர் அளவு, சில இடம் என்றால் ஓர் அளவு, பெரும்பாலான இடம் என்றால் இன்னொன்று. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. இதைப் பந்தியில் உட்கார்ந்து யாருக்கு விளக்குவது? ஜனங்களுக்கு வேண்டியதெல்லாம் வருமா வராதா, ஒற்றைச் சொல். வரலாம் என்று சொல்கிறவர்களை அவர்களுக்குப் பிடிப்பதே இல்லை. டாக்டரிடம் போனாலும் அப்படித்தான், வக்கீலிடம் போனாலும் அப்படித்தான். அடித்துச் சொல்கிறவன்தான் கெட்டிக்காரன், யோசித்துச் சொல்கிறவன் விஷயம் தெரியாதவன் என்று ஆகிவிட்டது. இப்போது அடித்துச் சொல்கிறவன் ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு போன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, அம்மாவுக்கு என் மேல பொறாமை, கவர்மென்ட் ஆளு புத்தி போகாது" என்று ஆரம்பிக்காதே. நீ மழைப் பக்கம் தொடங்கினபோது முதல் லைக் போட்டது யார்? என் ஆபீஸில், ரிட்டையர் ஆகிற வருஷம், "கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவன்லாம் வானிலை சொல்ல வந்துட்டான்" என்று ஒருத்தர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவரோடு சண்டை போட்டேன். ஏன் சார், நம்மகிட்ட அஸ்தினாபுரத்துல மானி இருக்கா, மடிப்பாக்கத்துல இருக்கா? அந்தப் பசங்க தன் காசுல மானி வாங்கி, மொட்டை மாடியில வச்சு, காலையில எழுந்து அளந்து அனுப்புறாங்க, அதுல நம்ம வேலையும் கொஞ்சம் நடக்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டேன். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். உனக்காக நான் வாங்கின கெட்ட பெயர் அது. உனக்கு இதுவரை சொன்னதில்லை.

உன்னிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. "பல்லாவரம் மக்களே, மாடியில காயற துணிய எடுங்க, அரை மணி நேரத்துல வருது" என்று ஒருநாள் எழுதியிருந்தாய். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் ஒருநாளாவது துணியை எடு என்று சொன்னோமா? தென்மேற்கு, வடமேற்கு, காற்றழுத்தம் என்று சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரிதான் பேசினோம். ஜனங்கள் உன்னிடம் வந்ததில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. மழை அண்ணா, மழை அண்ணா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாளைக்கு லீவு உண்டா என்று உன்னைக் கேட்பதைப் பார்த்து நானே பக்கத்து வீடுகளில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் நீ பக்கத்தை மூட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கதை கட்ட வேண்டாம்.

சரி, அந்த மானி விஷயத்துக்கு வா. தானாக அளந்து போனுக்கு அனுப்புகிற மானி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, நம் வீட்டு மாடியில் மாட்ட வந்தாய். எங்கே மாட்டினாய்? தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்தில், அந்த இரும்புக் கம்பியில். ஏனென்றால் அங்கேதான் வைஃபை எட்டியது. நான் சொன்னேனா இல்லையா? மானி திறந்த வெளியில் இருக்க வேண்டும், பக்கத்தில் மரமோ சுவரோ எது இருந்தாலும் அதன் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும், டேங்க்குக்குக் கீழே வைத்தால் அது மானி இல்லை, வாளி என்று சொன்னேன். நீ ஸ்குரூவை வாயில் கவ்விக்கொண்டு, "அம்மா, அதெல்லாம் உங்க காலத்து ரூல். இது சென்சார்மா" என்றாய். சென்சாருக்கு எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? அதற்குள் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று இருக்கிறது. நிறைந்தால் கவிழும், கவிழ்ந்ததை எண்ணும். வானத்திலிருந்து விழுந்தாலும் எண்ணும், குழாயிலிருந்து விழுந்தாலும் எண்ணும்.

போன மாதம், புரட்டாசிச் சனிக்கிழமை மத்தியானம் மேகம் கறுத்தது. பெரிய தூறலாக ஆரம்பித்துச் சடசடவென்று கொட்டியது. நம் ஏரியாவில் மழை பெரிதாக வந்தால் எல்லா வீட்டிலும் முதலில் என்ன செய்வோம்? ஜன்னலைச் சாத்துவோமா? இல்லை. ஓடிப்போய் மோட்டார் போடுவோம், கரண்ட் போவதற்குள் டேங்க் நிறைய வேண்டும். நானும் போட்டேன். தெருவே போட்டது. அன்றைக்கு ஆச்சரியமாகக் கரண்ட் போகவில்லை. டேங்க் நிறைந்து வழிந்தது, வழிகிற குழாய் நேராக உன் சென்சார் தலையில் கொட்டியது. மோட்டார் போட்டது நான்தான், நானே சொல்லிவிடுகிறேன், நீ கண்டுபிடித்து எழுத வேண்டாம். அதற்காக மன்னிப்பு கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. இன்றைக்குத் தூறினாலும் போடுவேன்.

வழிகிற சத்தம் கேட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு, குடையோடு மாடி ஏறினேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கீழே வந்து உன் பக்கத்தைத் திறந்தால், நீ நேரலையில் இருக்கிறாய். அஸ்தினாபுரத்தில் மூன்று சென்டிமீட்டர், குரோம்பேட்டையில் நாலு, நம் மாடியில் மட்டும் இருபதைத் தாண்டிவிட்டது என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். "இது மேகவெடிப்பு மக்களே, என் சொந்த ஸ்டேஷன், நூறு சதவீதம் நம்பலாம், ஏரி எந்த நேரமும் உடையலாம், பள்ளத்துல இருக்கிறவங்க உடனே கிளம்புங்க" என்கிறாய். உன்னைப் போனில் கூப்பிட்டேன், கட் செய்தாய். மறுபடி கூப்பிட்டேன், கட் செய்தாய். வேறு வழியில்லாமல் கமென்டில் எழுதினேன். "கண்ணா, மானியில் விழுவது டேங்க் தண்ணீர். மழை இல்லை. நம் வீட்டில் நான் நேரில் பார்த்தேன். உடனே நிறுத்து." அவசரத்தில் ரெண்டு எழுத்துப் பிழை வேறு.

உன் ரசிகர்கள் என்ன பதில் போட்டார்கள் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் அதையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். நான் சொல்கிறேன். "ஆன்ட்டி, மழைக்கு பஜ்ஜி போடுங்க போங்க." "கவர்மென்ட் க்ரூப் வந்துட்டாங்கப்பா." "அண்ணன் டேட்டாவையே சந்தேகப்படுறியா பூமர்?" நான் இலாகாவில் அப்சர்வராக இருந்தவள் என்று எழுதினேன். அதற்கு நூறு சிரிப்பு பொம்மை. அந்த மாடியில், அந்த மானிக்குப் பக்கத்தில், ஈரப் புடவையோடு நின்று பார்த்துவிட்டு வந்த ஒரே ஆள் நான்தான். அத்தனை ஆயிரம் பேரில் விஷயம் தெரிந்த ஒருத்தி. எனக்குத்தான் பேச இடம் இல்லை. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கத்தில் நீங்கள் கருத்திட முடியாது என்று வந்துவிட்டது. சொல்வதற்கு என்ன, சமையல்கட்டில் நின்று அழுதேன். அப்புறம் உன் அப்பா கேட்டார் என்று பஜ்ஜியும் போட்டேன், அது வேறு விஷயம்.

அதற்குள் தெரு கலவரமாகிவிட்டது. கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பாலத்து மேலே கொண்டுபோய் நிறுத்தினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கேட்டில் நின்று, "ஒண்ணும் இல்லைங்க, அது எங்க டேங்க் தண்ணி, ஏரிக்கு ஒண்ணும் ஆகலை" என்று கத்திக்கொண்டே இருந்தேன். "உங்க பையன்தானேம்மா சொல்றான்?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். ராணி அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள். புரட்டாசி மாதம் மீன் யார் வாங்குகிறார்கள், கோவளம் போய் எடுத்துவந்தால் பாதி திரும்பிவிடும் என்று சனிக்கிழமைகளில் போவதில்லை. முன்னால் ஏரி உடைந்து வந்த பெரிய வெள்ளத்தில் அவளுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. கழுத்துவரை தண்ணீரில் புருஷனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அதனால் நீ சொன்னதும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஏழுமலையை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆட்டோக்காரர் ஒருத்தரும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டு மண்டபத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் சேற்றில் நாற்காலிக் கால் உடைந்தது. அந்த மனுஷன் கொட்டுகிற மழையில் ரோட்டில் கிடந்தார், ராணி அவர் மேலே குனிந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குடையோடு போய்ச் சேருவதற்குள் ரெண்டு பேரும் தொப்பலாகிவிட்டார்கள். அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைத்து வந்ததே பெரிய விஷயம்.

ஏரி அன்றைக்குப் பாதிகூட நிறையவில்லை. ஒரு மணி நேரத்தில் மழை விட்டது, வெயிலே அடித்தது. நீ அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாய். விஷயத்தைச் சொன்னேன். டேங்க் தண்ணியா என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். சரி, பிள்ளை உணர்ந்துவிட்டான், இப்போது பக்கத்தில் போட்டுவிடுவான் என்று நினைத்தேன். நீ போட்டாய். பழைய பதிவையும் நேரலையையும் தூக்கிவிட்டு, "மழை குறைந்ததால் ஆபத்து நீங்கியது மக்களே, அனைவரும் பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி" என்று கும்பிடு பொம்மை வைத்துப் போட்டாய். பெய்யாத இருபது சென்டிமீட்டர் எப்படியடா குறையும்? அதற்கு எத்தனை ஆயிரம் நன்றி, எத்தனை ஹார்ட். எங்க உயிரைக் காப்பாற்றின தெய்வம் என்று மதுரையிலிருந்து ஒருத்தர் எழுதியிருந்தார். மதுரைக்காரருக்கு நீ தெய்வம், நம் தெருவில் நீ புளுகன். இந்த ரெண்டும் ஒரே சாயங்காலத்தில் நடந்தது.

தப்பாகிப்போனது பற்றி எனக்குக் கோபம் இல்லை, அதை நீ நன்றாகப் புரிந்துகொள். அளக்கிறவன் எவனும் தப்பாக அளந்திருப்பான். எங்கள் ஆபீஸில் ரப்பர் கிடையாது, தெரியுமா உனக்கு? வொயிட்னர் வந்த காலத்திலும் எங்கள் மேஜைக்கு வரவில்லை. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க முடிகிற மாதிரி கோடு. பக்கத்தில் சரியான எண், அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. அடித்துக் கிறுக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. கோடு விழுந்தது என்று யாரும் யாரையும் கேவலமாகப் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் கோடே இல்லாத பக்கத்தைப் பார்த்தால்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது யார் எழுதினது?" என்பார். ஒரு தப்பும் செய்யாத ஆளை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

எக்ஸ்பர்ட் எக்ஸ்பர்ட் என்று இன்றைக்கு எல்லாரும் வாய் கிழியப் பேசுகிறார்களே, பட்டம் வாங்கினவனா, ஃபாலோயர் வைத்திருக்கிறவனா என்று சண்டை போடுகிறார்களே, எனக்கு அந்தச் சண்டையே வேண்டாம். பட்டம் வாங்கினவர்களில் வாயைத் திறந்தாலே பொய் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டம் இல்லாமல் மாடியில் மானி வைத்துத் துல்லியமாக அளக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவன் போட்ட கோடு எங்கே என்று நான் தேடுவேன். கோடு இருந்தால் உட்கார்ந்து கேட்பேன். துடைத்து வைத்திருந்தால் அவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் கேட்க மாட்டேன், அது என் பிள்ளையாக இருந்தாலும் சரி. உன்னிடம் இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அம்மா, இது ரெஜிஸ்டர் இல்ல, சோஷியல் மீடியா. ஒரு தடவ தப்புன்னு ஒத்துக்கிட்டா அவ்வளவுதான், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சு சாகுற வரைக்கும் ஓட்டுவானுங்க." ஓட்டட்டுமே! என்னைப் பந்திக்குப் பந்தி ஓட்டினார்கள், நான் செத்தா போனேன்? மறுநாள் எட்டரைக்குப் போய் அளந்தேன்.

போன வாரம் நீ வேலையை விட்டுவிட்டாய், இனிமேல் முழு நேரமும் மழைதான் என்று அறிவித்தாய். ரெயின்கோட் கம்பெனி ஸ்பான்ஸர் என்று கீழே போட்டிருந்தது. பெத்தவளுக்கு இந்தச் செய்தி ஊரோடு சேர்ந்து பக்கத்தில்தான் தெரியவந்தது. உன் அப்பா, கம்ப்யூட்டர் வேலையைப் போய் விட்டுவிட்டானே என்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். நல்லது, போ, செய் என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கும் அந்த வேலை பிடிக்கும், எனக்குப் பிடித்தது உனக்குப் பிடித்திருக்கிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் இதுவரைக்கும் நீ ஆர்வத்தில் செய்கிற பையன், என்னவோ தெரியாமல் சொல்லிவிட்டான் என்று விட்டுவிடலாம். இனிமேல் அப்படி இல்லை. இனிமேல் நீதான் இலாகா. நீ சொன்னால் ஒருத்தி புருஷனை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். நீ யாரைப் பார்த்துச் சிரித்தாயோ அவர்கள் நின்ற இடத்தில் இப்போது நீ நிற்கிறாய்.

நேற்று ராணியிடம் போனேன். கோவளத்திலிருந்து வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடலில் போன படகெல்லாம் திரும்பிவிட்டது, மறுபடி யாரும் போகவில்லை என்று அவளே சொன்னாள். அப்போ நீயும் கிளம்பு, மண்டபத்தில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்றேன். கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா மேடம், ஒங்க டேங்க்கு திரும்பியும் ரொம்பிடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இது டேங்க் இல்லை ராணி, இது நிஜம், இலாகாவே சொல்லியிருக்கிறது என்றேன். "அன்னிக்கும் நெசம்னுதான் சொன்னான் ஒம் புள்ள. எம் புருஷன் சேத்துல கெடந்தாரு. அதப் பத்தி அவன் ஒரு வார்த்த எழுதினானா? ஏதோ அவன்தான் வெள்ளத்தக் கையால நிறுத்தன மாதிரி எழுதிக்கினு கீறான். எம் பேத்தி படிச்சுக் காட்டுச்சு" என்றாள். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "வரச் சொல்லு அவன. எம் மூஞ்சப் பாத்து, தப்பா சொல்ட்டேன் ராணிக்கா, வெள்ளமே இல்லன்னு சொல்லட்டும். அப்பால அவன் கெளம்புன்னா நான் கெளம்புறேன். அதுவரைக்கும் நீ சொன்னாலும் நவுர மாட்டேன், கலெக்டர் சொன்னாலும் நவுர மாட்டேன்."

வாசலில் செருப்பைப் போடும்போது பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு பை கட்டி வைத்திருந்தது. ஏழுமலையின் மாத்திரை, ரெண்டு லுங்கி, ஒரு போர்வை, பிளாஸ்டிக் கவரில் சுற்றின ரேஷன் கார்டு. நகர மாட்டேன் என்று வாய் சொல்கிறது, பை கட்டித்தான் இருக்கிறது. அவளுக்கு யாரையாவது நம்ப வேண்டும் போல இருக்கிறதடா. கழுத்துவரை தண்ணீரில் நின்றவள் நம்பாமல் எப்படி இருப்பாள்? 

அதனால் நீ வருகிறாய். முதலில் பக்கத்தில் அந்தப் பழைய பதிவைத் திரும்பப் போடு. எடுத்து வைத்திருப்பாய், உன் சாமர்த்தியம் எனக்குத் தெரியும். அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், இது மழை இல்லை, எங்கள் வீட்டு டேங்க் தண்ணீர், மானியை வைத்த இடம் தப்பு, அம்மா சொன்னாள், நான் கேட்கவில்லை என்று எழுது. கீழே உன் பெயர். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், போகிறவர்கள் போகட்டும், ரெயின்கோட் கம்பெனி வேண்டுமானால் வேறு ஆளைப் பார்க்கட்டும். மிச்சம் எத்தனை பேர் இருக்கிறார்களோ அவர்கள் போதும். அவர்கள்தான் நீ ஓடு என்றால் ஓடுவார்கள். அப்புறம் ராணியின் வீட்டுக்கு நட. கையில் மானியையும் மேப்பையும் கொண்டுபோகாதே, அவளுக்கு அது வேண்டாம்.

நீ வரவில்லை என்றால் என்ன செய்வேன் என்று கேட்பாய். நான் கூடத்தில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நாளைக்குக் காலை என் பழைய எட்டரை மணி ஆனதும் என் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ராணியின் வீட்டுக்குப் போய், ஏழுமலையின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். உன் அப்பா கத்துவார், கத்தட்டும். மழை வரும் என்று எனக்குத் தெரியும், தண்ணீர் அந்த வீட்டுக்குள் முதலில் எந்தப் பக்கமாக வரும் என்றும் தெரியும். தெரிந்தேதான் உட்காருவேன். நீ வந்து அவளை எழுப்பினால் நானும் எழுந்திருப்பேன். அதுவரை, முப்பது வருஷம் மழை அளந்த ஒருத்தி பள்ளத்து வீட்டில் நகராமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று உன் பக்கத்தில் போட்டுக்கொள், நல்ல கூட்டம் வரும். கமென்டை அழித்த மாதிரி என்னையும் அங்கிருந்து எந்த அட்மின் வந்து அழிக்கிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

உன் அம்மா